பதினொரு மொட்டைகளும் நரெல்லின் பின்னலும்

எங்கள் கிளப்பில், கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. பதினொரு மொட்டைத் தலைகள். நடுவில் ஒரே ஒருத்தி மட்டும் இடுப்புவரை பின்னலோடு நிற்கிறாள். புல்தரையில் பந்து உருட்ட வரும் வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, இத்தனை பேருக்குமா?" என்று கேட்பார்கள். இத்தனை பேருக்கும் இல்லை. மொட்டை அடித்துக்கொண்ட பதினொரு பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். கேன்சர் வந்தது அந்தப் பின்னல்காரிக்கு.

இடமிருந்து மூன்றாவது தலை என்னுடையது. உச்சியில் ஒரு பள்ளம் தெரிகிறது, பாருங்கள். ஐம்பத்தேழு வருஷமாக எனக்கே தெரியாமல் இருந்த பள்ளம். இப்போது எங்கள் ஊர் டன்மோர் துறை முழுக்கத் தெரியும்.

என் பெயர் கோரல். இந்த ஊர்த் தபால் நிலையத்தின் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவள். யாருடைய கடிதத்தையும் பிரித்துப் படித்ததில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை. உறையின் மூலையில் அனுப்பியவர் யாரென்று இருக்கும். வாங்க வருகிறவரின் முகம் எதிரே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பிறகு தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். பழக்கத்தை மூட ஆள் இல்லை.

நரெல் என் பக்கத்து வீடு. படத்தில் இருக்கும்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் கணவன் டாரல் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் சோபாவில். நரெல் சிப்பிக் கொட்டகையில் சிப்பி திறக்கிறவள். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் அவளைவிட வேகமாகத் திறக்கிறவர்கள் இரண்டு பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் அவள் ஒரு டஜன் முடித்துவிடுவாள். எல்லோரும் இடது கைக்குக் கம்பி வலைக் கையுறை போட்டுக்கொண்டுதான் சிப்பியைப் பிடிப்பார்கள். நரெல் போடமாட்டாள். முதலாளி காஸ் எத்தனையோ தடவை கத்திப் பார்த்துவிட்டார்.

"கையுறை போட்டா காதை அடைச்ச மாதிரி இருக்கு காஸ்," என்பாள். "சிப்பி எங்க விட்டுக்குடுக்குதுன்னு விரலுக்குத்தான் கேக்கும்."

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வண்டி எங்கள் ஊருக்கு வந்து, மன்றக் கட்டடத்தின் பின்னால் நிற்கும். யார் உள்ளே போகிறார்கள், யார் எவ்வளவு நேரம் கழித்து வருகிறார்கள் என்பதெல்லாம் எதிரே உள்ள பேக்கரியின் ஜன்னலோர மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். அந்தப் பிப்ரவரியில் அதே மேசையில்தான் இருந்தேன். நரெல் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவளை மறுபடி கூப்பிட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்துவிட்டார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. அக்குளில் பரவவில்லை.

அவள் வீடு திரும்புவதற்குள், எந்த நாள் யார் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று பெவ் பட்டியல் போட்டுவிட்டாள். பெவ் எங்கள் கிளப்பின் செயலாளர். பூகம்பம் வந்தாலும் முதலில் யார் சாண்ட்விச் கொண்டுவருவது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் வெளியே ஓடுவாள். திங்கள் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட சூரை மீன் பேக், செவ்வாய் கறிமசாலா சாசேஜ், புதன் ஆட்டிறைச்சிக் குழம்பு. டாரல் ஒரு மாதத்தில் நான்கு கிலோ ஏறினான். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெவ் கிளப் கூட்டத்தில் எழுந்து, "நரெல்லுக்கு முடி கொட்டப்போகுது. அவ மட்டும் தனியா மொட்டையா நிக்க விட்டுடுவோமா?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்டால் யார் "ஆமாம், விட்டுவிடுவோம்" என்று சொல்வார்கள்? பதினொரு கை உயர்ந்தது. என் கையும்தான். என் கை உயர்ந்தபோது நான் அதைத் திரும்பிப் பார்த்தேன்.

தேதியைத் தீர்மானித்தது நரெல் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. லாக்கி. செம்மறி ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிக்கிறவன். எங்கள் ஊரில் ஒழுங்காக மொட்டை அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு இரண்டு பண்ணைகளுக்கு நடுவே ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஓய்வு. மார்ச் கடைசிச் சனி. அதை விட்டால் செப்டம்பரில், வசந்த காலத்தில்தான்.

அந்தச் சனிக்கு நான்கு நாள் முன்னால், நரெல்லின் துணிகளை நான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அறுவைக்குப் பிறகு அவளால் கையை மேலே தூக்க முடியவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"கோரல், ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

என்னிடம் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"கட்டியில ஒரு துண்டை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்காங்க. ஆஸ்பத்திரியில ஏதோ ஆராய்ச்சி நடக்குது, அதுல என்னைச் சேத்துக்கிட்டாங்க. அந்தத் துண்டுல இருக்கற மரபணுவைப் பாத்தா, கீமோ குடுத்தா வேலை செய்யுமா செய்யாதான்னு முன்கூட்டியே தெரிஞ்சிடுமாம். செய்யாதுன்னு வந்தா கீமோவே கிடையாது. கதிர் வச்சிட்டு மாத்திரை மட்டும்."

"அப்போ முடி?"

"முடி இருக்கும்."

"எப்போ தெரியும்?"

"இன்னும் பத்து நாள் ஆகும்."

"சனிக்கிழமை மொட்டையாச்சேடி."

"அதான்." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?"

இரண்டாவது தடவை சொன்னாள். அந்தப் பார்வையை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் முகம் படித்தவள்.

இந்த ஊர் ரகசியம் எதுவும் என் வாயில் ஒரு மணி நேரம் தங்கியதில்லை என்று சொல்வார்கள். அது அநியாயம், சில விஷயங்கள் சாயங்காலம்வரை தங்கியிருக்கின்றன. ஆனால் இந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது. நட்பால் தங்கவில்லை. பெவ்விடம் போய் "மொட்டையைத் தள்ளிப் போடுவோம், சோதனை முடிவு வரட்டும்" என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தலையைச் சாய்த்து, உதட்டைச் சுழித்து, எல்லார் முன்னாலும் கேட்பாள்: "என்ன கோரல், முடி மேல ஆசை வந்துடுச்சா?" நான் என் தலையைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஊரே பேசும். அந்தப் பேச்சு எப்படிக் கிளம்பும், எந்தக் கடையில் எப்படிப் பெருகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். தெருவில் பாதிப் பேர் கையில் பீரோடு வேடிக்கை பார்த்தார்கள். லாக்கி புதுச் சீப்பு மாட்டிய இயந்திரத்தோடு நின்றான்.

"ஆடு உதைக்கும், அவ்வளவுதான்," என்றான் பாதி வேலையில். "நீங்க பேசறீங்க. ஆடே தேவலை."

"பேசாம வெட்டுடா," என்றாள் பெவ். அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். சாம்பல் சுருள்கள் விழ விழ, கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். அந்த நேரத்தில் அவளைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

நரெல் கொட்டகையிலிருந்து நேரே வந்திருந்தாள். கையைத் தூக்க முடியாவிட்டாலும் வேலைக்குத் திரும்பிவிட்டாள், தட்டில் சிப்பி அடுக்குகிற வேலை. பதினொரு தலைகளும் வரிசையாக மின்னியதைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"நீங்கல்லாம் இப்படி... நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு," என்று பெவ் அவளை அப்படியே அணைத்துக்கொண்டாள். "நன்றியெல்லாம் வேணாம். நடுவுல வந்து நில்லு. படம் எடுக்கணும்."

அந்தப் படம்தான் அது. நரெல் சிரிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. டாரல் கடலில் இருந்ததால் நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் லிம் சின்னப் பெண். என் தொப்பியைப் பார்த்துவிட்டு, நோயாளி நான்தான் என்று நினைத்து என்னிடம் கை நீட்டினாள். நரெல் தன் பின்னலைத் தூக்கிக் காட்டி, "நான்தான் டாக்டர்," என்றாள்.

"உங்க கட்டியில இருபத்தோரு மரபணுவைப் பாத்தாங்க," என்றாள் டாக்டர். "சிலது கட்டியை வேகமாப் பெருக்கறது. சிலது ஹார்மோன் சொல்றதைக் கேக்கறது. எது எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குன்னு கணக்குப் போட்டு, பூஜ்யத்துலேர்ந்து நூறுக்குள்ள ஒரு எண் குடுப்பாங்க. எண் பெருசா வந்தா கீமோவுக்கு அந்தக் கட்டி மசியும். சின்னதா வந்தா மசியாது, மாத்திரைக்குத்தான் மசியும். உங்களுக்குப் பதினெட்டு."

"பதினெட்டுன்னா?"

"உங்க வயசுல, உங்களை மாதிரி நூறு பேருக்குக் கீமோ குடுத்தா ஒருத்தருக்குப் பிரயோஜனம், மிஞ்சிப் போனா ரெண்டு பேருக்கு. மத்தவங்களுக்குக் கஷ்டம் மட்டும்தான்."

"அந்த ஒருத்தி யாருன்னு?"

"அது இந்தச் சோதனைக்கும் தெரியாது நரெல். அம்பது தாண்டியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். உங்க வயசுல முடிவு உங்களோடது. நான் உங்க இடத்துல இருந்தா எடுத்துக்க மாட்டேன்." பிறகு தாளைப் புரட்டி, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"சிப்பி திறக்கறேன்."

டாக்டர் நிமிர்ந்து அவள் கைகளைப் பார்த்தாள். "இந்த மருந்துல சிலருக்கு விரல் மரத்துப்போகும். பெரும்பாலும் திரும்பிடும். எல்லாருக்கும் திரும்பறதில்லை."

"அப்போ முடிஞ்சுது," என்றாள் நரெல். "வேணாம்."

திரும்பும் வழியில், பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் நிறுத்தச் சொல்லி சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஆளுக்கொன்று வாங்கினாள். மஞ்சள் குழம்பு முழங்கைவரை வழிந்தது. மீதி வழி முழுக்க ரேடியோவில் வந்த பாட்டுக்கெல்லாம் பத்து விரலாலும் கார் முகப்பில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குத் தலை குளிர்ந்தது. எங்கள் ஊரில் ஏப்ரலில் குளிர் தொடங்கிவிடும், காற்று கதவிடுக்கிலேயே நுழையும். மொட்டையில் நுழைய அதற்கு என்ன கஷ்டம்?

மறுநாளே பெவ்வுக்குச் சொன்னேன். அந்தத் தடவை தாமதிக்கவில்லை.

"நூத்துக்குப் பதினெட்டா?" என்றாள் பெவ். "அது பெயில் மார்க் இல்ல?"

"இதுல குறைஞ்சா நல்லதாம் பெவ்."

"நல்லதுன்னா எதுக்குக் கேன்சர் வந்துது?" பெவ் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். முளைக்கிற முடி அரிக்கும். "அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு ஒரு இணுக்குத் துண்டைப் பாத்து, வேணாம்னு சொல்றான். அவன் நரெல்லைப் பாத்தானா? க்ளெண்டாவைப் பாத்தானா?"

க்ளெண்டா பெவ்வின் தங்கை. ஒன்பது வருஷம் முன்னால் இதே நோயில் போனவள். அவளுடையது வேறு ரகம் என்று நரெல் பின்னால் எனக்கு விளக்கினாள். பெவ்வுக்கு அந்த ரகம் இந்த ரகம் எல்லாம் கிடையாது. க்ளெண்டா இரண்டாவது கீமோவோடு "போதும், முடியல" என்றாள். பெவ் "சரிடி, விட்டுடு" என்றாள். அவ்வளவுதான் பெவ்வுக்குத் தெரிந்த மருத்துவம்.

யாரும் நரெல்லிடம் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் திங்கட்கிழமை சூரை மீன் பேக் வரவில்லை. செவ்வாய் சாசேஜ் அடுத்த வாரத்தோடு நின்றது. கிளப்பில் நரெல் நுழைந்தால் பதினொரு குல்லாய் திரும்பிப் பார்க்கும். மளிகைக் கடையில் ஒருத்தி, "முடி எப்படி வளருது பாரேன்! என்ன ஷாம்பு?" என்றாள். இன்னொருத்தி, "லேசான கேன்சர்தானாமே? சந்தோஷம்மா," என்றாள். கொட்டகையில் ஒருவன் அவள் பின்னலை வலைத் தொப்பிக்குள் திணிப்பதைப் பார்த்து, "எங்க ஆத்தாகிட்ட ஒரு முழம் குடுத்துடேன் நரெல், அவ காது ரெண்டும் விறைச்சுக் கிடக்கு," என்றான். அவன் அம்மா படத்தில் கடைசித் தலை. எல்லோரும் சிரித்தார்கள். நரெல்லும் சிரித்தாள். நானும் சிரித்தேன், நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் பெவ் அவள் வீட்டுக்குப் போனாள். கையில் உணவில்லை, க்ளெண்டாவின் படம் இருந்தது. நான் வேலியோரம் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. களை நிறைய இருந்தது.

"நூத்துல ஒருத்தின்னு சொன்னாங்களே, அது நீயா இருந்தா என்ன கண்ணு பண்ணுவ?"

"இல்லாம இருக்கத்தான் தொண்ணூத்தொம்பது..."

"அதேதான் நானும் அவளுக்குச் சொன்னேன். ஒண்ணும் ஆகாது விட்டுடுன்னு சொன்னேன்." பெவ் அழுது நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "இன்னொரு தடவை என்னைப் பாக்க வைக்காத, நரெல். நாங்க பதினொரு பேரும் சும்மாவா தலையைக் குடுத்தோம்?"

பெவ் போன பிறகு நரெல் வேலிக்கு வந்தாள். என் கையில் ஒரே ஒரு களை இருந்தது.

"கேட்டியா?"

"கொஞ்சம்."

"நீ என்ன நெனைக்கற கோரல்?"

டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவில் இருந்தது. எண் நினைவிருந்தது. டாக்டர் நரெல்லின் கையைப் பார்த்த பார்வை நினைவிருந்தது. அதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து என் தலை அரித்துக்கொண்டிருந்தது. பேக்கரியில் நான்கு பேர் என்னிடம், 'நீதானே கூடப் போன? டாக்டர் நிஜமாவே வேணாம்னு சொன்னாளா?' என்று விசாரித்திருந்தார்கள். நான் சொன்னது இதுதான்:

"எல்லாரும் உனக்காகத்தானேடி பண்ணாங்க."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். ஒரு பின்னல், எத்தனையோ வருஷத்துக் கைப்பழக்கம், பத்து விரல், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயின. அதை நான் சொல்லாவிட்டாலும் போயிருக்கும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் லிம் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினாளாம். ஏன் மனம் மாறியது என்று கேட்டாளாம். "ஊர்ல குளிர் ஜாஸ்தி டாக்டர்" என்று நரெல் சொன்னாளாம். டாக்டருக்கு அது எப்படிப் புரியும்? மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் நான்கு. மே நடுவில் ஆரம்பித்தது.

முதல் கீமோ முடிந்து பதினெட்டாம் நாள் முடி கொத்துக் கொத்தாக வந்தது. லாக்கி மலைப் பண்ணை ஒன்றில் இருந்ததால் டாரல் தன் தாடி இயந்திரத்தால் வழித்துவிட்டான். பின்னலை மட்டும் முதலிலேயே அறுத்து ஒரு துண்டில் சுற்றி வைத்தாள். அவள் மொட்டையோடு கிளப்புக்குள் நுழைந்த அன்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து உணவு வந்து குவிந்தது. சூரை மீன் பேக், சாசேஜ், ஆட்டிறைச்சி, யாரோ பூசணிக்காய் அளவுக்கு ஒரு பாவ்லோவா கேக்கும்கூட. அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். டாரல் இன்னும் மூன்று கிலோ ஏறினான். பெவ் குளிருக்குப் பின்னிக் கொடுத்த குல்லாய் மட்டும் ஒன்பது.

இரண்டாவதுக்குப் பிறகு விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கிறது என்றாள். மூன்றாவதுக்குப் பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை; என்னை வேலிக்குக் கூப்பிட்டாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நிறுத்திடுவா."

"நிறுத்தட்டுமே!"

"மூணோட நிறுத்தினா பெவ் என்ன ஆவா?" என்றாள். "க்ளெண்டா ரெண்டோட நிறுத்தினா."

கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். இதையாவது போய் நான் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். நகரம் ஒன்றரை மணி நேரத் தூரம், ஆனால் தொலைபேசி இருந்தது. ஊரில் நாலு பேரிடம் சொன்னேன். அந்த நாலு பேரில் டாக்டர் இல்லை.

நான்காவதும் முடிந்தது. கதிர் சிகிச்சை முடிந்தது. ஊசி குத்தல் நின்றது. அது நல்ல செய்தி என்று நினைத்தோம். குத்தல் மட்டும் போகவில்லை; விரலே போய்விட்டது போல இருக்கிறது என்றாள். இருக்கிறது, மடங்குகிறது, ஆனால் யாருடையதோ. டாக்டர் லிம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்டது எதுவென்று சொல்லச் சொன்னாளாம். நரெல்லுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இருந்ததாம். "இதுலதான் நிஜமா பெயில்," என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னார்கள்.

டிசம்பரில் பொறுக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் கொட்டகையில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஹோபார்ட்டிலிருந்து சிட்னிவரை எல்லோருக்கும் ஒரே நாளில் சிப்பி வேண்டும். தட்டு தூக்க என்னைப் போல வேலையில்லாதவர்களையும் கூப்பிடுவார்கள். நரெல் கத்தியோடு அவளுடைய பழைய இடத்தில் நின்றாள். இடது கையில் கையுறை இல்லை. காஸ் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திரும்பி வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. மெதுவாகத் திறந்தாள், ஆனால் திறந்தாள். இரண்டு ஓடும் சேரும் மூட்டுவாயைக் கண்ணாலேயே தேடி, கத்தியை வைத்து, அழுத்தித் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் முகம் நிமிர்ந்தது. பக்கத்தில் நிற்கிறவளோடு பேசிக்கொண்டே இரண்டு டஜன் முடித்தாள்.

மூன்றாவது தட்டை எடுக்கப் போனபோது பார்த்தேன். பனிக்கட்டி ரோஜா நிறமாக இருந்தது. சிப்பிகள் வெள்ளையாக, அவற்றைச் சுற்றி ரோஜா நிறம். ஒரு கணம் அழகாகக்கூடத் தெரிந்தது.

"நரெல்," என்றேன். "கை."

அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். கத்தி நுனி இடது உள்ளங்கைக்குள் ஒரு விரற்கடை போயிருந்தது. அவள் அதைப் பார்த்த விதம், வேறு யாருடைய கையிலோ குத்தியது போல இருந்தது.

"எப்போ?" என்று என்னைக் கேட்டாள்.

ஆறு தையல். காஸ் அவளுக்கு வேலை போகாமல் பார்த்துக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். இப்போது பெட்டிகளில் சீட்டு ஒட்டுகிறாள். சீட்டு கோணலாக இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. எல்லோருக்கும் முடி வளர்ந்துவிட்டது. பெவ்வுக்கு முன்பைவிட அடர்த்தியாக, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. நரெல்லுக்குச் சுருள் சுருளாக, காதுவரை. அதற்கு மேல் வளர்க்கவில்லை, பின்ன முடியாது. போன மாதம் சோதனைக்குப் போய்வந்தாள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது. பெவ் கிளப்பில் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா? கீமோ எடுக்காம இருந்திருந்தா? அந்த நூத்துல ஒருத்தி நீதான் கண்ணு!"

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கீமோ எடுக்காத நரெல் என்று இன்னொருத்தி இருந்து, அவளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒருத்தி இல்லை. அதனால் பெவ் சொல்வதை யாராலும் மறுக்க முடியாது, சாகும்வரை. நரெல் தன் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் தூக்கினாள். "ஆமா பெவ்," என்றாள்.

போன ஞாயிறு காலை டாரல் ஒரு டஜன் சிப்பி கொண்டுவந்து போட்டுவிட்டு, படகை இறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். நரெல் என்னைக் கூப்பிட்டாள். மாதம் ஒரு தடவை இப்படிக் கூப்பிடுவாள். சமையலறைத் தொட்டியடியில் நின்று, இடது கையில் கம்பி வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு சிப்பியை எடுத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். பார்த்துத் திறப்பதைத் திறப்பதாக அவள் ஒப்புக்கொள்வதில்லை. கத்தி நுனி மூட்டில் இறங்கியதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். பார்ப்பதும் சொல்வதும்தானே எனக்குத் தெரிந்த தொழில்.

"போச்சா?"

"இல்ல. கொஞ்சம் இடது பக்கம்."

நகர்த்தினாள். ஓடு பொடிந்து தொட்டியில் விழுந்தது.

"கோரல்," என்றாள், கண்ணைத் திறக்காமல். "அந்தச் சோதனையைப் பத்தி அன்னிக்குக் கொடிகிட்ட உன்கிட்ட சொன்னேன் இல்ல?"

"ஆமா."

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்."

"நான் சொல்லலையே!" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"தெரியும். உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள பெவ்வுக்குப் போயிடும்னு நெனைச்சேன். மொட்டையை அவளே நிறுத்திடுவான்னு. என் வாயால சொல்ல முடியல. அதனாலதான் உன்கிட்ட சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். வெளியே டாரல் படகு வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். பீப் பீப் என்று கேட்டது. தொட்டியில் கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அவள் கத்தியை மறுபடி வைத்து அழுத்தினாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள், எங்கோ கேட்கிற சத்தத்தைக் கவனிக்கிறவள் மாதிரி.

"இப்போ? போச்சா?"

குனிந்து, கிட்டப் பார்த்தேன்.

"இல்ல," என்றேன். "இன்னும் போகல."